குளிர் மலையில் ஒரு திறந்த ஜன்னல்

"எனக்கு வேண்டியது ரொம்ப சிம்பிள், மிஸ்டர் மாதேஸ்வரன்," என்றார் ராவ் சாகிப் கோதண்டபாணி. "குளிர்ச்சியான இடம். குண்டு விழக்கூடாது. காய்ச்சல் வரக்கூடாது. திருட்டுப் பயம் இருக்கக்கூடாது. அக்கம்பக்கத்துல நல்ல மனுஷங்க இருக்கணும்."

"சொர்க்கத்துல விசாரிச்சுப் பாத்தீங்களா?" என்றான் சின்னராசு.

மாதேஸ்வரன் தன் உதவியாளனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார். அதட்டுவதற்காக அல்ல. சிரிப்பை அடக்குவதற்காக.

போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்து, மேலதிகாரி ஒருவரை முகத்துக்கு நேரே பொய்யர் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டவர் மாதேஸ்வரன். இப்போது சேலத்தில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே வருகிற கட்சிக்காரர்களில் பாதிப் பேரைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் பிடிக்காது. மீதிப் பேரை, அவர்கள் வாயைத் திறந்ததும் பிடிக்காமல் போகும். ராவ் சாகிப்பை இரண்டு விதத்திலும் பிடிக்கவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, சித்திரை மாதம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிக்கொண்டிருந்த நேரம். ராவ் சாகிப் அங்கே தன் பேட்டையின் ஏ.ஆர்.பி. கமிட்டித் தலைவர். குண்டு விழுந்தால் ஜனங்களைக் காப்பாற்றுவதற்கென்று சர்க்கார் ஏற்படுத்திய கமிட்டி அது. 'ஊரைவிட்டு ஓடுகிறவன் கோழை' என்று மேடை போட்டுப் பேசியவர், பேசிய தொண்டை ஆறுவதற்குள் முதல் வகுப்பில் டிக்கெட் எடுத்துவிட்டார். கொல்லிமலை அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு மாடி வீட்டைப் பிடித்துக்கொண்டு, இப்போது வெயிலில் வெந்துகொண்டிருந்தார். அங்கேதான் இவர்களை வரவழைத்திருந்தார்.

"குளிருக்கு ஊட்டி போகலாமே?" என்றார் மாதேஸ்வரன்.

"அங்கே வெள்ளைக்காரங்க ஜாஸ்தி. ஜப்பான்காரன் அவங்களைத் தேடி வருவான்."

"ஏற்காடு?"

"கண்டவனெல்லாம் வந்துட்டான். எங்க பேட்டை மளிகைக்கடைக்காரன்கூட அங்கே வீடு எடுத்திருக்கான்." ராவ் சாகிப் முகத்தைச் சுளித்தார். "கொல்லிமலைதான் சரி. கார் ஏறாது, லாரி ஏறாது. ஜப்பான்காரன் நடந்தா வரப்போறான்? எடப்புளி நாட்டுல ஊத்துப்பட்டின்னு ஒரு இடம். ஒரு காப்பித் தோட்டத்து துரை கட்டின பங்களா காலியா இருக்கு. உயரமான இடம், மலைக்காய்ச்சல் எட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டார். பக்கத்துலயே ஊத்துத் தண்ணி. எல்லாம் இருக்கு. ஆனா, போன அன்னிக்கே கொள்ளை!"

உள்ளே கதவோரம் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ராவ் சாகிப்பின் மனைவி மரகதம். கண்கள் வீங்கியிருந்தன.

நடந்தது இதுதான். பங்களாவைச் சுத்தம் செய்து தயார்படுத்த, மரகதத்தின் தம்பி சபாபதி சாமான்களோடு முன்னதாக மலையேறியிருந்தான். மரகதத்தின் வைர அட்டிகையும் ஒட்டியாணமும் இருந்த நகைப் பெட்டியும் அவனோடு போயிருந்தது. அன்று இரவே பெட்டி காணாமல் போனது. கம்பளி போர்த்திய மலையாள் ஒருவன் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துப் பெட்டியோடு ஓடியதை சபாபதி கண்ணால் பார்த்தானாம். அடிவாரத்துப் போலீஸ் மேலே போய், கருப்பண்ணன் என்ற குடியானவனைப் பிடித்து வந்து அடைத்திருந்தது.

"நகை இருக்கிற இடத்தைச் சொல்ல மாட்டேங்கிறான். அடி வாங்குறான், வாயைத் திறக்கல. கல்லுளிமங்கன்," என்றார் ராவ் சாகிப்.

"நகையை நான் தேடித் தரணுமா?"

"அது போலீஸ் வேலை. நீங்க அந்தப் பட்டியைப் போய்ப் பாருங்க. அந்த ஜனங்க பக்கத்துல மானமுள்ளவன் குடியிருக்க முடியாதுன்னு ஒரு அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. போலீஸ்ல இருந்தவர் சொன்னா சர்க்கார்ல ஒரு மதிப்பு இருக்கு பாருங்க."

"முடியும்னு தோணினா?"

"தோணாது," என்றார் ராவ் சாகிப் சிரித்துக்கொண்டே. "மேல போக டோலி ஏற்பாடு பண்ணியிருக்கேன்."

"வேண்டாமுங்க," என்று சின்னராசு கும்பிட்டான். "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு எங்களுக்கு இன்னும் காலமிருக்கு."

மலைப்பாதை செங்குத்தாக ஏறியது. பாதி தூரம் வரை மாதேஸ்வரன் வாயே திறக்கவில்லை. சின்னராசு சேந்தமங்கலத்துக்காரன், முப்பது வயதைத் தாண்டியும் நாக்குக்குக் கடிவாளம் போடத் தெரியாதவன். மௌனம் அவனுக்கு ஆகாது.

"ஏனுங்ணா, இந்த ஆளுக்கு எடம் பாத்துக் குடுக்கத்தான் சேலத்துல இருந்து வந்தோமா? வூட்டுத் தரகருக்கே இதைவிட மரியாதை உண்டுங்க."

"ராசு, உன் ஊட்டுக்காரியோட நகை களவு போச்சுன்னு வெச்சுக்க. என்னைக் கூப்பிட்டு என்ன கேப்பே?"

"எங்கூட்டுக்காரிகிட்ட நகையே இல்லீங்களே. சரி, இருந்துதுன்னு வெச்சுக்கறேன். நகையைக் கண்டுபுடிச்சுக் குடுங்கன்னு கால்ல வுழுவேன்."

"இந்த ஆளு நகையைப் பத்திப் பேசினாரா?"

சின்னராசு நின்றுவிட்டான். "அட, ஆமாங்ணா. அறிக்கையைப் பத்தித்தான் பேசினாரு."

"கதவோரத்துல பொண்டாட்டி அழுவுறா. இவரு விசிறியில விசிறிக்கிட்டு அறிக்கை கேக்கறாரு. அதான் ஏறி வாரேன். இல்லேன்னா அந்த ஆளோட பேச்சுக்கு நான் ஒரு வாசப்படிகூட ஏறமாட்டேன்."

மேலே ஏற ஏறக் காற்று மாறியது. கோடை மழை பெய்து மண் ஈரமாக இருந்தது. உச்சி வெயிலிலும் நிழலில் நின்றால் உடம்பு சிலிர்த்தது. பலா மரங்களுக்கு நடுவே ஊத்துப்பட்டியின் கூரை வீடுகள் தள்ளித்தள்ளி இருந்தன. எல்லோரும் கொல்லைக்காட்டு வேலைக்குப் போயிருந்த நேரம். மாதேஸ்வரன் ஒவ்வொரு வீட்டுக் கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். சாத்திய கதவுகள் இருந்தன. ஒன்றில்கூடப் பூட்டு இல்லை.

"இங்க பூட்டுக்கடை வெச்சா மொத நாளே கடையைப் பூட்ட வேண்டியதுதான்," என்றான் சின்னராசு. "அந்தப் பூட்டையும் வெளியூர்ல இருந்துதான் கொண்டாரணும்."

கடைசி வீட்டு முற்றத்தில் ஒரு பெண் காய்ந்த மிளகைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் நிமிரவில்லை. கருப்பண்ணனின் மனைவி கண்ணாயி அவள்தான் என்று வழியிலேயே விசாரித்து வைத்திருந்தார்கள்.

"இன்னும் எத்தனை பேருங்க வருவீங்க?" என்றாள். "போலீஸ் வந்து அடுக்குப் பானையெல்லாம் கவுத்துட்டுப் போச்சு. நீங்க எதைக் கவுக்கப் போறீங்க?"

"நாங்க போலீஸ் இல்லம்மா. உங்க ஊட்டுக்காரரைப் பத்திக் கேக்க வந்தோம்."

"கேட்டு?"

மாதேஸ்வரனுக்கு அந்த ஒற்றைச் சொல் சுருக்கென்றது. "அவர் அன்னிக்கு பங்களாவுக்குப் போனாரா?" என்று கேட்டார்.

"போனாருங்க." கண்ணாயி முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்குச் சாயங்காலம் ஆலங்கட்டி மழை. அந்த மெட்ராஸ் ஆளு பங்களாவுல பல்லு கிட்டிப்போயி உக்காந்திருந்தாராம். பாவம்னு எங்கூட்டுக்காரரு காஞ்ச வெறகு ஒரு கட்டுத் தூக்கிட்டுப் போயி, நெருப்பு மூட்டிக் குடுத்துட்டு வந்தாரு. உம்பேரு என்னான்னு அந்தாளு கேட்டாராம். இவரு சொல்லியிருக்காரு. மறுநா போலீசுக்கு அந்தப் பேரைத்தான் எடுத்துக் குடுத்திருக்காரு. இந்த மலையில அவருக்குத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதானே."

சின்னராசு குனிந்து, முற்றத்தில் சிதறிக் கிடந்த மிளகைப் பொறுக்க ஆரம்பித்தான்.

"ராத்திரி அவர் எங்க இருந்தாரு?"

"ஊட்டுலதான். நான் சொன்னா ஏத்துக்குமா உங்க சட்டம்?"

மாதேஸ்வரன் பேச்சை மாற்றினார். "இங்க யாரும் கதவைப் பூட்டறதில்லையா?"

"பூட்டு வாங்கணும்னு இப்பத்தானுங்க நெனைக்கிறோம்," என்றாள் கண்ணாயி. "நீங்கெல்லாம் வாரீங்கல்ல."

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

பங்களா சிறிய மேட்டில் இருந்தது. ஓட்டுக் கூரை, நீண்ட வராந்தா. ஊற்றுத் தண்ணீர் அதற்கும் பட்டிக்கும் நடுவே ஒரு கல்தொட்டியில் விழுந்து வழிந்தது. பட்டிக்கு இருந்த தண்ணீர் அது ஒன்றுதான் என்பது, அதைச் சுற்றியிருந்த காலடித் தடங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

சபாபதி கணப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே பட்டப்பகல். அவன் உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், கழுத்தில் மப்ளர், காலில் உறை, அதற்கு மேல் போர்த்திய ஒரு பஞ்சு ரஜாய். பஞ்சு மூட்டைக்கு நடுவே மீசை வரைந்ததுபோல் இருந்தான்.

"சார், உள்ள வாங்க, வாங்க. கதவைச் சாத்திடுங்க, ஊதக்காத்து வருது," என்றான்.

மாதேஸ்வரன் கதவைச் சாத்தினார். அப்போதே பாதி வழக்கு அவருக்கு முடிந்துவிட்டது. ஆனாலும் மரியாதையாக எதிரே உட்கார்ந்தார்.

"அன்னிக்கு ராத்திரி நடந்ததைக் கொஞ்சம் சொல்லுங்க."

சபாபதி மனப்பாடப் பாட்டுப்போல ஆரம்பித்தான். "பிரயாணக் களைப்பு சார். சாப்பிட்டதும் படுத்துட்டேன். பெட்டியை அந்த ஜன்னலுக்குக் கீழ வெச்சிருந்தேன். ஒரே புழுக்கம். காத்து வரட்டும்னு ஜன்னலை நல்லாத் திறந்து வெச்சிருந்தேன். கண் அசந்த நேரம், சத்தம் கேட்டு முழிச்சுப் பார்த்தா கம்பளி போர்த்தின ஆளு ஒருத்தன் பெட்டியைத் தூக்கிட்டு ஜன்னல் வழியாக் குதிச்சு ஓடறான்."

"முகத்தைப் பார்த்தீங்களா?"

"கம்பளி போர்த்தியிருந்தான் சார். சாயங்காலம் வந்துட்டுப் போனானே, அவனேதான்."

"அந்த அடையாளத்துக்கு ஊர்ல இருக்கிற செம்மறியாட்டை எல்லாம் புடிச்சு உள்ள போடலாமுங்களே," என்றான் சின்னராசு.

"ராசு, நீ வெளியே போய் அந்த ஜன்னலை வெளிப்பக்கமா இழுத்துத் திற," என்றார் மாதேஸ்வரன்.

சபாபதி ரஜாயை இழுத்துப் பிடித்துக்கொண்டான். "அது... அது கொஞ்சம் இறுக்கமா இருக்கும் சார். மழையில மரம் ஊறிப்போச்சு."

"அதை ராசு பாத்துக்குவான். நீங்க சொல்லுங்க. அன்னிக்குச் சாயங்காலம் ஆலங்கட்டி மழை பெஞ்சுதா?"

"பெஞ்சுது."

"குளிர் தாங்காம உக்காந்திருந்தீங்க. ஒருத்தர் விறகு கொண்டுவந்து நெருப்பு மூட்டிக் கொடுத்தாரு."

"ஆமா..."

"அப்புறம் அதே ராத்திரி புழுக்கம் தாங்காம ஜன்னலைத் திறந்தீங்க."

சபாபதி கழுத்து மப்ளரைத் தளர்த்திக்கொண்டான். அந்த நேரம் வெளியே "ஐயோ, அம்மா!" என்று ஒரு அலறல். அடுத்த கணம் கதவைத் தள்ளிக்கொண்டு சின்னராசு ஓடி வந்தான். நெற்றியில் புருவத்துக்கு மேல் நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

"சாட்சி கெடைச்சிருச்சுங்ணா! நெத்தியிலயே கையெழுத்தும் போட்டிருச்சு!"

"என்ன சாட்சி?"

"குளவிங்ணா! ரெண்டு கதவும் சேர்ற எடத்துல, இந்தக் கதவுல பாதி அந்தக் கதவுல பாதியா மண்ணுக்கூடு கட்டி வெச்சிருக்குது. போன வருசத்துக் கூட்டு மேல இந்த வருசத்துக் கூடு. பழைய கூட்டுல பாசி புடிச்சுக் கெடக்குது. இந்த ஜன்னலைத் தொறந்து எத்தனையோ காலமாச்சுங்க. ஒரு தடவை தொறந்திருந்தாலும் கூடு ரெண்டாப் பொளந்திருக்கும்."

மாதேஸ்வரன் எழுந்து போய் உள்பக்கம் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தார். துருவேறி மரத்தோடு ஒன்றாகியிருந்தது. விரலில் ஒட்டிய துருவைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

"இந்தக் கதையை நீங்க எங்க உக்காந்து தயார் பண்ணீங்கன்னு நான் சொல்லட்டுமா, தம்பி? காளப்பநாயக்கன்பட்டியில. அங்க அடிக்கிற வெயில்ல ஜன்னலைத் திறக்காம ஒருத்தன் படுக்க முடியாது. அதனால கதையிலயும் ஜன்னல் திறந்துக்கிச்சு. மலையேறி வந்த பிறகு, இங்க குளுருதே, கதையை மாத்துவோம்னுகூட உங்களுக்குத் தோணலை. பொய்யைக்கூட ஒழுங்காச் சொல்லத் துப்பில்லை. உங்க அக்கா நகையை எங்க வித்தீங்க?"

சபாபதி ரஜாயோடு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்தான். அழ ஆரம்பித்தான். மூக்கும் வாயும் சேர்ந்து அழுத அழுகை.

"நான் எடுக்கலை சார். சத்தியமா எடுக்கலை. எங்கக்கா நகையை நான் எடுப்பேனா?"

"பின்ன?"

"பெட்டியில நகையே இல்லை சார். செங்கல்தான் இருந்துது. பெட்டியை அந்தப் பள்ளத்துல தள்ளிட்டேன். மாமாதான் சொன்னாரு."

சின்னராசு நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்தினான். மாதேஸ்வரன் ஜன்னலோரம் அசையாமல் நின்றார். கோழையான மைத்துனன் திருடினான் என்று அவர் பங்களாக் கதவைச் சாத்தும்போதே முடிவு கட்டி வைத்திருந்தார். ராவ் சாகிப்பை மட்டமான ஆள் என்று நினைத்ததில் தப்பில்லை. எவ்வளவு மட்டம் என்பதில்தான் கணக்குத் தவறியிருந்தது.

"எதுக்கு?"

"மாமாவுக்கு இந்த பங்களா பிடிச்சிருக்கு. குளிர் பிடிச்சிருக்கு, தண்ணி பிடிச்சிருக்கு. பக்கத்துல இவங்க இருக்கறதுதான் பிடிக்கலை. அவர் குடிக்கப்போற ஊத்துல இவங்களும் தண்ணி எடுக்கறாங்களாம். இங்க திருட்டு நடந்துச்சுன்னு கேஸ் ஆச்சுன்னா, உங்களை மாதிரி ஒருத்தர் அறிக்கையும் கொடுத்தா, சர்க்கார்ல எழுதிப் போட்டுப் பட்டியவே இங்க இருந்து கிளப்பிடலாம்னாரு. யாராவது ஒருத்தன் பேரைச் சொல்லுடான்னாரு. எனக்கு அந்த ஆள் பேரு ஒண்ணுதான் தெரியும்..."

"உனக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தவன் பேரு."

"ஆமா சார்," என்று சபாபதி இன்னும் பலமாக அழுதான்.

"நகை எங்க?"

"மெட்ராஸ்ல இருந்து கிளம்பும்போது ஏ.ஆர்.பி. கமிட்டியோட மருந்துப் பெட்டியையும் மாமா கையோட எடுத்துட்டு வந்துட்டாரு. குண்டு விழுந்தா எங்க பேட்டை ஜனங்களுக்குக் கட்டுப் போடறதுக்குன்னு சர்க்கார் கொடுத்தது. அதுல பஞ்சுக்கு அடியில இருக்கு."

சின்னராசு மெல்ல விசிலடித்தான். "ஏனுங்ணா, இந்த ஆளு ஓடி வந்ததுதான் தப்புங்க. அங்கேயே இருந்திருந்தா ஜப்பான்காரன் வெக்கப்பட்டுக் குண்டை வேற ஊருல போட்டிருப்பான்."

மாதேஸ்வரன் சிரிக்கவில்லை. "எழுந்திரு," என்றார் சபாபதியிடம். "கீழ போறோம். நடந்து."

காளப்பநாயக்கன்பட்டி மாடி வீட்டில் ராவ் சாகிப் விருந்தாளியோடு இருந்தார். அடிவாரத்து ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். வெள்ளித் தம்ளரில் காபி, தட்டில் பாதாம் அல்வா. தன்னுடைய பழைய உத்தியோகத்தை அல்வாத் துண்டுக்குப் பக்கத்தில் பார்த்ததும், அதை விட்டது எவ்வளவு நல்லது என்று மாதேஸ்வரனுக்கு இன்னொரு தடவை தோன்றியது.

"வாங்க வாங்க! அதுக்குள்ள அறிக்கை தயாரா?" என்றார் ராவ் சாகிப். மாதேஸ்வரனுக்குப் பின்னால் கால் வீங்கி நொண்டிக்கொண்டு வந்த மைத்துனனைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

"தயார். வாயால சொல்றேன், கேட்டுக்கங்க. ஊத்துப்பட்டி நல்ல இடம். குளிர்ச்சி. திருட்டே கிடையாது. பூட்டுக்கூடக் கிடையாது. ஒரு நல்ல ஆளுக்கு அங்கே குடியிருக்க ஒரு பயமும் இல்லை."

"என்ன விளையாடறீங்களா? என் சம்சாரத்தோட நகை?"

"அதுவும் பத்திரமா இருக்கு. அம்மா!" மாதேஸ்வரன் கதவுப் பக்கம் திரும்பினார். "மெட்ராஸ்ல இருந்து வந்த மருந்துப் பெட்டி எங்கேம்மா இருக்கு?"

ராவ் சாகிப் எழுந்தார். ஆனால் மரகதம் அவரைவிட வேகமாக இருந்தாள். மூலையில் சிவப்புச் சிலுவை போட்ட தகரப் பெட்டி. அவள் மூடியைத் திறந்து, பஞ்சையும் துணிச் சுருளையும் அள்ளி எறிந்தாள். கை ஒரு இடத்தில் நின்றது. வெளியே எடுத்தபோது, ஒட்டியாணத்தோடு சேர்ந்து வந்த அட்டிகையில் வெளிச்சம் பட்டு, சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது.

சபாபதி தரையைப் பார்த்தான்.

"அட," என்றார் ராவ் சாகிப். நெற்றியில் வேர்வை. "பத்திரத்துக்கு நானே வெச்சிருப்பேன் போலிருக்கு. மறந்தே போச்சு பாரு."

"பெரியவங்களுக்கு ஆயிரம் ஜோலி, மறதி சகஜம்," என்று சப்-இன்ஸ்பெக்டர் முந்திக்கொண்டு சிரித்தார். வாயில் இன்னும் அல்வா இருந்தது.

"அந்த மறதிக்கு ஒருத்தன் உங்க ஸ்டேஷன்ல அடி வாங்கிட்டு இருக்கான்," என்றார் மாதேஸ்வரன். "இப்பவே எழுந்து போய் அவனை விடுங்க. இல்லேன்னா இந்தத் தம்பி எங்கிட்டச் சொன்னதை எல்லாம் சேலத்துல உங்க மேலதிகாரிக்கு முன்னால சொல்லுவான். அதுல உங்க பேரும் வரும். அல்வாவும் வரும்."

சப்-இன்ஸ்பெக்டர் வாயைத் துடைத்துக்கொண்டு தொப்பியைத் தேடினார்.

மரகதம் அட்டிகையைக் கையில் பிடித்தபடி புருஷனைப் பார்த்தாள். "இத்தனை நாளா நான் அழுததைப் பார்த்துட்டு, எதிர்லயே உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தீங்களே," என்றாள். குரல் உயரவே இல்லை. "சபாபதி, எனக்கு ஒரு வண்டி பாரு. நான் மெட்ராஸுக்குப் போறேன்."

"குண்டு விழும், மரகதம்!"

"விழட்டும். அது வேத்தாள் போடற குண்டு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ராவ் சாகிப் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அந்த மனுஷனுக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது.

"அப்போ, மிஸ்டர் மாதேஸ்வரன்... நான் எங்கேதான் போறது? எனக்கு ஒரு நல்ல அக்கம்பக்கம்..."

"அம்மா சொன்ன இடமே உங்களுக்கும் தோதான இடம்," என்றார் மாதேஸ்வரன். "மெட்ராஸ் இப்போ காலி. தெருத் தெருவாப் பூட்டிக் கிடக்கு. நீங்க ஆசைப்பட்ட மாதிரியே அக்கம்பக்கத்துல ஒரு ஈ, காக்கா இருக்காது."

மறுநாள் காலையில், ஸ்டேஷனுக்கு எதிரே புளியமரத்தடியில் மாதேஸ்வரனும் சின்னராசுவும் நின்றிருந்தார்கள். ராத்திரி முழுக்க எழுத்து வேலை என்று இழுத்தடித்த பிறகு, உள்ளிருந்து கருப்பண்ணன் வந்தான். நடுவயது ஆள். ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. நடக்கும்போது இடது காலைத் தரையில் முழுசாக ஊன்றவில்லை. சேதி கேட்டுக் கண்ணாயி விடியற்காலையிலேயே மலையிறங்கி வந்து காத்திருந்தாள். புருஷனைப் பார்த்ததும் அவள் அழவில்லை. கொண்டு வந்திருந்த பலாச்சுளையைக் கையில் கொடுத்தாள். அவன் தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள்.

மாதேஸ்வரன் அருகே போனார். "உங்க பேர்ல ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதியாச்சு. அந்த ஆள் மேல கேஸ் போடணும்னா நான் கூட நிக்கறேன்."

"கேஸ் போட்டா இங்கதானுங்க வரணும்?" என்று கருப்பண்ணன் ஸ்டேஷனைக் கையால் காட்டினான்.

"ஆமா."

"வேண்டாமுங்க."

ஒரு நன்றி வரும் என்று மாதேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார். ஆனால் ஒவ்வொரு வழக்கின் முடிவிலும் அந்த ஒரு வார்த்தைக்குக் காதைத் தீட்டி வைத்திருப்பது அவர் வழக்கம்.

கருப்பண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "அந்த மெட்ராஸ்காரரு போயிட்டாருங்களா?"

"இன்னிக்குப் போறாரு. பங்களா பக்கமே வரமாட்டாரு."

"நீங்க எந்த ஊருங்க?"

"சேலம்."

"அங்க வெயிலு எப்பிடிங்க?"

"கொளுத்துது."

கருப்பண்ணன் தன் நல்ல கண்ணால் அவரை மேலும் கீழும் பார்த்தான். கோபமாகப் பார்க்கவில்லை. சந்தையில் சொத்தைப் பலாவைத் தட்டிப் பார்த்து வைத்துவிடுகிறவன் பார்க்கிற பார்வை அது.

"அப்ப நீங்களும் ஒரு நாளைக்கு வருவீங்க," என்றான்.

கம்பளியைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் நடந்தான். கண்ணாயி அவன் ஊன்றிக்கொள்ளத் தோளைக் கொடுத்தாள். இரண்டு பேரும் மலைப்பாதைப் பக்கம் திரும்பினார்கள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்னங்ணா இது?" சின்னராசு பொருமினான். "காப்பாத்தி வுட்டவங்களை இப்பிடிச் சொல்லிட்டுப் போறாரு. நாமெல்லாம் அந்த மாதிரி ஆளுங்களா? சொல்லுங்ணா."

மாதேஸ்வரன் மலைப்பக்கம் பார்த்தார். முந்தின நாள் பங்களா வராந்தாவில் ஒரு நிமிடம் நின்றபோது, உடம்பைத் தழுவிய அந்தக் குளிர்காற்றில், வயதான காலத்தில் இங்கே ஒரு சின்ன ஓட்டு வீடு போட்டுக்கொண்டால் போதும், அந்த ஊற்றுத் தண்ணீரும் கிட்டத்தில் இருக்கிறது என்று அவர் நினைத்தது உண்மைதான். யாரிடமும் அவர் சொல்லவில்லை. அந்த மலைக்காரன் எப்படிக் கண்டுபிடித்தான் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

"பஸ் வந்துருச்சு, ஏறு," என்றார்.